எம்.ஜி.பி. கார்: என்ஜின் அறையில் தங்கிவிட்ட ஒயர்களின் வரலாறு

எம்.ஜி.பி. என்பது இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். சிட் எனெவர் தலைமையிலான பொறியாளர்கள் இதை உருவாக்கினர். 1798 சி.சி. கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட என்ஜின் இதன் அடையாளம். திறந்த கூரை வண்டி, ஜி.டி. எனப்படும் மூடிய வண்டி ஆகிய இரு வடிவங்களும் சேர்ந்து 5 லட்சத்துக்கும் மேல் விற்பனையாயின. அவற்றில் பெரும்பகுதி வட அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஏராளமாக விற்ற வண்டி என்பதால் இன்றும் பல நாடுகளில் இதைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் ஆர்வலர்கள் உள்ளனர்.

இத்தகைய வண்டி ஒன்றை வாங்கி முன்மூடியைத் திறப்பவர் கண்ணில் முதலில் படுவது என்ஜின் அன்று. எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று தெரியாத ஒயர்களே கண்ணில் படும். சில எந்தக் கருவியோடும் சேராமல் தொங்கும். சிலவற்றின் முனையில் கறுப்பு நாடா சுற்றியிருக்கும். வேறு சில, எப்போதோ அகற்றப்பட்ட பெட்டி ஒன்றின் திருகு ஓட்டைக்கு அருகே வந்து நின்றுவிடும். பயனில்லாதது என்று எண்ணிக் கத்தரியை எடுப்பது எளிது. ஆனால் அந்த ஒயர் ஏன் அங்கே வந்தது என்று அறியாமல் வெட்டினால் வண்டி கிளம்பாமல் போகலாம், தீப்பிடிக்கவும் செய்யலாம். 18 ஆண்டுத் தயாரிப்பில் நிகழ்ந்த தொழில்நுட்ப மாற்றங்களும், அமெரிக்கச் சட்டங்களும், அடுத்தடுத்த உரிமையாளர்களின் கைவேலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இடம் அது.

லூகாஸ் நிறுவனமும் நிற முறையும்

எம்.ஜி.பி.யின் மின்கருவிகளில் பெரும்பாலானவை பர்மிங்காமைச் சேர்ந்த லூகாஸ் நிறுவனத்தினுடையவை. 19ஆம் நூற்றாண்டில் விளக்கு வணிகத்தில் தொடங்கிய ஜோசஃப் லூகாசின் குடும்பத் தொழில், பின்னர் பிரிட்டிஷ் கார்களின் மின்கருவி வழங்கலில் ஏறத்தாழத் தனியாட்சி நடத்தியது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் இப்பெயர் புதிதன்று. டி.வி.எஸ். குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்து 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் சென்னை பாடியில் இயங்குகிறது. அங்குள்ள பேருந்து நிறுத்தத்துக்கே அப்பெயர்தான்.

லூகாசை இருளின் இளவரசன் என்று கேலி செய்வது ஆங்கிலக் கார் ஆர்வலர்களின் வழக்கம். விளக்கு திடீரென அணைந்துபோகும் என்பதே கேலியின் பொருள். இந்தக் கேலி முழுவதும் நியாயமானதல்ல. கார் நிறுவனங்கள் செலவைக் குறைத்துக் கேட்டன, கேட்ட விலைக்கு ஏற்ற பொருள் கிடைத்தது. மேலும், இன்று குற்றம் சாட்டப்படும் ஒயர்களில் பல 50 வயதைக் கடந்தவை. அவற்றின் நடுவே பின்னாளில் யாரோ சேர்த்த இணைப்புகளும் உண்டு.

லூகாஸ் பின்பற்றிய நிற முறை இன்றும் பழுதுபார்ப்பவருக்குப் பெருந்துணை. பழுப்பு நிற ஒயரில் சாவி போட்டாலும் போடாவிட்டாலும் மின்சாரம் இருக்கும், இடையில் ஃபியூஸ் இல்லை. வெள்ளை நிறம் சாவியைத் திருப்பிய பின் மின்சாரம் பெறும், அதற்கும் ஃபியூஸ் இல்லை. சாவிக்குப் பின், ஃபியூஸ் வழியாக வருவது பச்சை. எப்போதும் மின்சாரம் உள்ளது, ஆனால் ஃபியூஸ் வழியாக வருவது ஊதா. முகப்பு விளக்குக்கு நீலம், சிறு விளக்குகளுக்குச் சிவப்பு. கறுப்பு என்பது எர்த், அதாவது வண்டியின் உடலோடு சேரும் ஒயர். அடிப்படை நிறத்தின் மேல் ஓடும் மெல்லிய கோடு, அந்தச் சுற்றில் எந்தக் கிளை என்பதைக் காட்டும்.

தொடக்க கால எம்.ஜி.பி.யில் பயன்பாட்டில் இருந்த ஃபியூஸ்கள் இரண்டே. பிந்தைய வண்டிகளில் நான்காயின. இன்றைய கார்களில் இருக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது வியப்பளிக்கும். இதன் விளைவு முக்கியமானது. பாதுகாப்பற்ற பழுப்பு ஒயர் ஒன்றின் வெட்டுண்ட முனை வண்டியின் இரும்பு உடலைத் தொட்டால், பேட்டரியின் முழு ஆற்றலும் அதன் வழியே பாயும். ஒயர் சிவக்கச் சூடாகி, தான் இருக்கும் கட்டு முழுவதையும் எரித்துவிடும்.

தொழிற்சாலையிலேயே வேலையின்றிப் பிறந்தவை

தொங்கும் ஒயர் எல்லாம் யாரோ கழற்றிவிட்டது என்று கருதக் கூடாது. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக ஒயர்க்கட்டு பின்னுவது தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே ஒரே கட்டில் எல்லா வசதிகளுக்குமான கிளைகளையும் சேர்த்துவிட்டு, வேண்டாத கிளையை மடித்துக் கட்டி விடுவது வழக்கம்.

எம்.ஜி.பி. அறிமுகமானபோது ஹீட்டர்கூட விருப்பத் தேர்வுதான். குளிர் நாட்டில் விற்ற காருக்கு ஹீட்டர் தனிக் காசு என்பது இன்றைக்கு நம்பக் கடினமாக இருக்கும். ஓவர்டிரைவ் என்னும் கூடுதல் கியர் அமைப்பும் நெடுங்காலம் விருப்பத் தேர்வாகவே இருந்தது. லேகாக் டி நார்மன்வில் என்ற பெயரில் அறியப்பட்ட அந்த அமைப்பு கியர்பெட்டியின் பின்னால் அமரும், மின்சாரத்தால் இயங்கும் சொலினாய்டு ஒன்றின் மூலம் செயல்படும். ஓவர்டிரைவ் வாங்காதவரின் வண்டியில் அதற்கான மஞ்சள் ஒயர் முனைகள் வெறுமனே கிடக்கலாம். பனிமூட்ட விளக்குக்கான கிளையும் இத்தகையதே.

இவை பயனற்றவை என்றாலும் தீங்கற்றவை. தொழிற்சாலை சுற்றிய நாடா அப்படியே இருந்தால் இவற்றை விட்டுவிடுவதே நல்லது. பின்னால் ஓவர்டிரைவ் உள்ள கியர்பெட்டி ஒன்று கிடைத்தால் ஒயர் தயாராக இருக்கும்.

டைனமோவிலிருந்து ஆல்டர்னேட்டருக்கு

1967இன் பிற்பகுதியில் வந்த இரண்டாம் வகை எம்.ஜி.பி.யில் இரு பெரிய மாற்றங்கள் நிகழ்ந்தன. அதுவரை பேட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இனி எதிர்முனை இணைக்கப்பட்டது. அதுவரை மின்சாரம் தந்த டைனமோவின் இடத்தில் ஆல்டர்னேட்டர் வந்தது.

டைனமோ காலத்து வண்டிகளில் என்ஜின் அறையின் பக்கச் சுவரில் ஒரு பெட்டி இருக்கும். மின்னழுத்தம் எல்லை மீறாமல் காப்பதும், என்ஜின் நின்றபின் பேட்டரியிலிருந்து டைனமோவுக்கு மின்சாரம் திரும்பி ஓடாமல் தடுப்பதும் இதன் பணி. பின்னர் வந்த லூகாஸ் ஆல்டர்னேட்டரில் இந்தக் கட்டுப்பாடு உள்ளேயே அமைந்துவிட்டது. எனவே பழைய வண்டிக்கு ஆல்டர்னேட்டர் பொருத்துகிறவருக்கு அந்தப் பெட்டி தேவையற்றதாகத் தோன்றும்.

இங்கேதான் பலர் திகைத்துப் போகின்றனர். பெட்டியைக் கழற்றியதும் வண்டி முழுவதும் செத்துவிடும். விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, ஸ்டார்ட்டும் ஆகாது. காரணம் எளியது. பேட்டரியிலிருந்து வரும் பழுப்பு ஒயர் அந்தப் பெட்டியின் முனைக்கு வந்து, அங்கிருந்துதான் ஃபியூஸ் பெட்டிக்கும் சாவிக்கும் பிரிந்து செல்கிறது. கட்டுப்படுத்தும் வேலையை இழந்த பின்னும், ஒயர்கள் கூடும் சந்தியாக அந்தப் பெட்டி பணியாற்றிக்கொண்டே இருக்கிறது. அதை அகற்ற வேண்டுமானால் அங்கே கூடும் பழுப்பு ஒயர்கள் அனைத்தையும் உறுதியான முனை ஒன்றில் ஒன்றுசேர்க்க வேண்டும். முறுக்கி நாடா சுற்றுவது போதாது.

அதே வேளையில் இந்த இடத்தில் உண்மையாகவே அகற்ற வேண்டிய ஒயரும் உண்டு. லூகாஸ் சி40 டைனமோ தந்தது 22 ஆம்பியர். பின்னர் வந்த 16ஏ.சி.ஆர். ஆல்டர்னேட்டர் தருவது 34 ஆம்பியர். 22 ஆம்பியருக்காகப் போடப்பட்ட பழைய ஒயரையே ஆல்டர்னேட்டருக்கும் பயன்படுத்தினால் அது சூடேறும். பழையதை எடுத்துவிட்டுத் தடித்த ஒயர் போடுவதே முறை.

அமெரிக்கச் சட்டங்கள் சேர்த்தவை

என்ஜின் அறையில் ஒயர்கள் பெருகியதற்கு முதன்மைக் காரணம் அமெரிக்கா. 1966இல் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1970இன் கடைசி நாளில் ரிச்சர்ட் நிக்சன் தூய காற்றுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இந்த இரு கையெழுத்துகளின் பின்விளைவுகளை 1970களின் எம்.ஜி.பி.யில் ஒயர் ஒயராகக் காணலாம்.

பிரேக்கில் இரண்டு தனித்தனிச் சுற்றுகள் வந்தன. ஒன்று பழுதானால் எச்சரிக்கும் சுவிட்ச் என்ஜின் அறையில் இடம்பெற்றது. நான்கு சிக்னல் விளக்குகளும் ஒருசேர மின்னும் அமைப்பு வந்தது. பக்கவாட்டில் 1968 முதல் விளக்கு அல்லது பிரதிபலிப்பான், 1970 முதல் இரண்டும் கட்டாயமாயின. சாவியை வண்டியிலேயே விட்டுச் சென்றால் ஒலிக்கும் பஸ்ஸரும் சேர்ந்தது.

இவற்றுள் மிகச் சுவையான வரலாறு சீட் பெல்ட் பூட்டு அமைப்பினுடையது. 1974ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களில், முன்னிருக்கையில் இருப்பவர்கள் பெல்ட் அணிந்தால்தான் என்ஜின் கிளம்ப வேண்டும் என்று விதி வந்தது. முதலில் உட்கார வேண்டும், அடுத்துப் பெல்ட் அணிய வேண்டும், பின்னரே சாவியைத் திருப்ப வேண்டும். வரிசை மாறினால் வண்டி அசையாது. பக்கத்து இருக்கையில் கனமான காய்கறிப் பையை வைத்தாலும், பெல்ட் அணியாத பயணி என்று கருதி வண்டி கிளம்ப மறுக்கும். மக்கள் கொதித்தெழுந்தனர். புகார்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் குவிந்தன. 1974 அக்டோபர் 27 அன்று ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட திருத்தச் சட்டம் இந்தக் கட்டாயத்தை நீக்கியது. பெல்ட் அணியச் சொல்லும் பஸ்ஸரும் 8 விநாடிக்கு மேல் ஒலிக்கக் கூடாது என்று வரம்பு வந்தது. உயிர் காக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால் மனிதர்களின் பொறுமையை அளந்து பார்க்காமல் வந்த விதி ஓராண்டைச் சற்றுத் தாண்டியதும் மாண்டது.

சட்டம் மாண்டாலும் ஒயர்கள் மாளவில்லை. 1974 மாடல் எம்.ஜி.பி.யில் இதற்கென ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும், இருக்கைகளிலும் பெல்ட்களிலும் கியர்பெட்டியிலும் சுவிட்சுகளும் இருந்தன. வண்டிக்காரர்கள் பலர் அந்தப் பெட்டியை ஓரங்கட்டிவிட்டனர். ஆனால் ஸ்டார்ட்டருக்குச் செல்லும் ஆணை அந்தப் பெட்டி வழியாகவே போயிற்று. எனவே ஓரங்கட்டியவர் இரு ஒயர்களை எங்கோ ஒன்றாக இணைத்திருப்பார். இன்று அந்தக் கட்டைப் பிரிக்கிறவர், சுவிட்சுகளிலிருந்து வரும் ஒயர்களை எடுத்துவிடலாம். அந்த ஓர் இணைப்பை மட்டும் கண்டுபிடித்துக் காக்க வேண்டும், ஏனெனில் ஸ்டார்ட்டரின் உயிர் அதில்தான் இருக்கிறது.

மாசுக் கட்டுப்பாட்டின் விளைவாக வந்த மற்றொரு கருவி, சாவியை அணைத்த பின்னும் என்ஜின் தொடர்ந்து ஓடுவதைத் தடுக்கும் வால்வு. மெலிந்த எரிபொருள் கலவையால் என்ஜின் மிகவும் சூடேறியிருந்தது. தீப்பொறி நின்ற பின்னும் உள்ளிருக்கும் சூடே பெட்ரோலைப் பற்றவைத்து, என்ஜின் குலுங்கிக்கொண்டே இருக்கும். இதற்கான தீர்வு புத்திசாலித்தனமானது. சாவியை அணைத்ததும் வால்வுக்கு மின்சாரம் செல்லும். அதன் எர்த் இணைப்பு ஆயில் அழுத்தச் சுவிட்ச் வழியாக அமையும். வால்வு திறந்து, என்ஜினின் உறிஞ்சு விசையைக் கார்புரேட்டரின் மிதவை அறைக்குத் திருப்பிவிடும். பெட்ரோல் வருவது நின்று என்ஜின் அடங்கும். அடங்கியதும் ஆயில் அழுத்தம் குறையும், சுவிட்ச் துண்டிக்கும், வால்வும் ஓயும்.

இந்த வால்வைப் பலர் கழற்றி எறிந்துவிட்டு ஒயரை மட்டும் விட்டுவைத்தனர். அந்த ஒயர்தான் ஏமாற்றுவது. சாதாரணமாக ஒயரைச் சோதிப்பவர் சாவியைத் திருப்பிவிட்டுச் சோதனை விளக்கை வைத்துப் பார்ப்பார். விளக்கு எரியாது. செத்த ஒயர் என்று முடிவு செய்வார். ஆனால் இது சாவி அணைந்திருக்கும்போது மட்டுமே உயிர் பெறும் ஒயர். வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போன பின்பு, பின்புறக் கொட்டகையில் இரவெல்லாம் அதில் மின்சாரம் இருக்கும். சாவியின் எல்லா நிலைகளிலும் சோதிக்காமல் எந்த ஒயரையும் செத்தது என்று சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

1974இன் இறுதியில் குரோம் பம்பர் போய்க் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. இருக்கைக்குப் பின்னால் இருந்த இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளுக்குப் பதில் ஒரே 12 வோல்ட் பேட்டரி வந்தது. உள்நாட்டு வண்டிகளில் தீப்பொறி அமைப்பும் மாறியது. காயிலுக்குச் செல்லும் வழியில் தடை ஒயர் ஒன்று கட்டுக்குள் மறைவாகச் சேர்க்கப்பட்டது. ஓடும்போது மின்னழுத்தத்தைக் குறைப்பது அதன் வேலை. ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் வேறோர் ஒயர் முழு மின்னழுத்தத்தையும் காயிலுக்குத் தரும். காயிலில் இரண்டு ஒயர்கள் சேர்வதைப் பார்த்து, ஒன்று வீண் என்று எடுத்துவிட்டால் குளிர்காலக் காலையில் வண்டி கிளம்பாது.

உரிமையாளர்கள் சேர்த்தவை

தொழிற்சாலை போட்ட ஒயருக்கு நிற முறையும் வரைபடமும் உண்டு. உரிமையாளர்கள் போட்டதற்கு இரண்டும் கிடையாது. கேசட் ரேடியோ, கூடுதல் முகப்பு விளக்கு, திருட்டு அலாரம், மின்விசிறி என ஒவ்வொரு பத்தாண்டும் ஏதாவது ஒன்றைச் சேர்த்தது. கையில் கிடைத்த ஒயர் எதுவோ அதுவே போடப்பட்டது. சிவப்பு ஒயர் எர்த்தாக இருக்கும், கறுப்பு ஒயரில் மின்சாரம் ஓடும். இருக்கும் ஒயரின் மேலுறையைக் கடித்துப் பிடிக்கும் நீல நிற பிளாஸ்டிக் கவ்வி போட்டிருந்தால், அங்கே உள்ளே செம்பு பச்சை பூத்திருக்க வாய்ப்பு மிகுதி. கழற்றும்போது அந்தக் காயத்தையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். அகற்றுவதில் முதலிடம் இவற்றுக்கே. இவற்றைக் காப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

அகற்றும் முறை

முதலில் பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்ற வேண்டும். வண்டியின் ஆண்டுக்கும், அது விற்கப்பட்ட நாட்டுக்கும் உரிய வரைபடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். 1972 வரைபடத்தை வைத்துக்கொண்டு 1976 வண்டியைப் பிரித்தால் குழப்பமே மிஞ்சும். தொடுவதற்கு முன் எல்லா இடங்களையும் படம் பிடித்து, ஒவ்வொரு முனைக்கும் சீட்டுக் கட்ட வேண்டும்.

ஐயத்துக்குரிய ஒயரின் இரு முனைகளையும் கண்டுபிடிப்பதே பணியின் பெரும்பகுதி. ஒரு முனை மட்டும் தெரிந்தால் வேலை பாதிகூட முடியவில்லை. மீட்டர் கொண்டு தொடர்பைச் சோதித்துப் பார்த்து, மறுமுனை எந்த இணைப்பிலிருந்து கிளம்புகிறதோ அங்கேயே அதைக் கழற்ற வேண்டும். லூகாஸ் ஒயர்கள் துப்பாக்கிக் குண்டு வடிவ முனைகளால் ரப்பர் குழாய்க்குள் இணைக்கப்பட்டவை. நான்கு முனைகள் சேரும் குழாயிலிருந்து ஒன்றை உருவினால் மற்றவை தளரக்கூடும், அவற்றைச் சுத்தம் செய்து திரும்ப அழுத்திவிட வேண்டும். கழற்றியதை உடனே வெட்டிவிடாமல், முனையை மூடிக் கட்டிவிட்டு, சில வாரங்கள் வண்டியை ஓட்டிப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம். மழையிலும் இரவிலும் எல்லாக் கருவிகளும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பின்பே கட்டின் நாடாவைப் பிரித்து ஒயரை முழுவதுமாக உருவலாம். நுனியை மட்டும் வெட்டி, மீதியைக் கட்டுக்குள் விடுவது மிக மோசமான வழி. அடுத்து வருகிறவருக்கு அது இன்னொரு புதிர்.

ஒயர் சென்ற ஓட்டையில் இருந்த ரப்பர் வளையத்தை அப்படியே விடலாம். வளையமற்ற ஓட்டையின் கூர்மையான விளிம்பு பக்கத்து ஒயரை அரிக்கும்.

எதை வைப்பது, எதை எடுப்பது

என்ஜின் அறை பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக எல்லா ஒயர்களையும் எடுப்பதும் மறைப்பதும் ஒரு நாகரிகமாகப் பரவியுள்ளது. எடை குறையும் என்றும் சொல்லப்படுகிறது. சில ஒயர்களால் குறையும் எடை பொருட்படுத்தத் தக்கதல்ல. மறுபுறம், தொழிற்சாலையில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்போர் சீட் பெல்ட் பெட்டியைக்கூடத் தேடிப் பொருத்துகின்றனர். ஓராண்டு மட்டுமே வாழ்ந்த ஒரு விதியின் சான்று அந்தப் பெட்டி என்பதால் அவர்களின் வாதத்துக்கு வலு உண்டு. கழற்றினாலும் எறியாமல் வைத்திருப்பது இரு தரப்புக்கும் பொதுவான வழி.

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. கலிபோர்னியா மாநிலத்தில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு, 1976 முதலான எம்.ஜி.பி.க்களுக்கு இல்லை. அங்கே வால்வையும் அதன் ஒயரையும் எடுப்பது வண்டியைச் சாலையிலிருந்தே எடுப்பதற்குச் சமமாகலாம். பிரிட்டனில் நிலைமை நேர்மாறு. 2018 மே 20 முதல், 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. அதாவது, பழுப்பு ஒயரின் வெறும் முனை ஒன்று பெட்ரோல் குழாய்க்கு அருகே தொங்கினாலும் அதைப் பார்த்துச் சொல்ல ஆய்வாளர் எவரும் வரப்போவதில்லை.

பழைய கட்டு திருத்த முடியாத அளவுக்குக் கெட்டிருந்தால் முழுவதுமாகப் புதிய ஒயர்க்கட்டு வாங்கலாம். இங்கிலாந்தில் மூல வரைபடங்களின்படி, அதே நிறங்களில் இவற்றைத் தயாரிக்கின்றனர். பழையதை அப்படியே பின்பற்றுவதால், பொருத்தாத கருவிகளுக்கான கிளைகளும் அதில் கூடவே வரும்.